மஞ்சள் பட்டையில் விழுந்த ஓட்டை

யெரோனிமை எங்கள் ஊரில் யெரோனிம் என்று கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவர் 'ஆமாண்ணன்'. "மழை வரும்போல இருக்கே" என்றால் "ஆமா" என்பார். அடுத்த ஆள் வந்து "எங்க வரப் போகுது, வெயில்தான் காயும்" என்றால் அதற்கும் "ஆமா" என்பார். ஊராட்சி அலுவலகத்தில் அடுப்பு மூட்டுவது, வாசலில் பனி அள்ளுவது, விழா நாள்களில் கொடி மாட்டுவது அவர் வேலை. அந்த வேலைக்கு அவரை எடுத்ததே உயரத்துக்காகத்தான். கொடி மாட்டும் கொக்கி வாசல் நிலைக்கு மேலே இருந்தது. மற்றவர்களுக்கு ஏணி வேண்டும், அவருக்கு ஒரு நாற்காலி போதும்.

நான் மினோதோரா. அலுவலகத்துக்கு எதிரே இருந்த கூட்டுறவுக் கடையில் காலமெல்லாம் நின்றவள். என் கல்லாவிலிருந்து பார்த்தால் அந்தக் கொக்கி நேராகத் தெரியும். யெரோனிம் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆளைப் பற்றி நல்லதாக மட்டும் கேட்க வேண்டும் என்றால் என்னிடம் கேட்கக் கூடாது. ஆனால் திட்டிக்கொண்டே போனால் கடைசியில் திட்டு என் பக்கமும் திரும்புகிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் கொடியைச் சொல்கிறேன். நீலம், மஞ்சள், சிவப்பு. நீலம் விடுதலை, மஞ்சள் நீதி, சிவப்பு சகோதரத்துவம் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். எங்கள் அப்பா, "நீலம் வானம், மஞ்சள் சோளக்களி, சிவப்பு வரி கட்டும்போது வழியற ரத்தம்" என்பார். எங்கள் பக்கத்தை ஹங்கேரிக்காரர்கள் ஆண்ட காலத்தில் இந்த மூன்று நிறத்தையும் சேர்த்து வைத்திருப்பதே குற்றம். பெண்கள் ஜடையில் மூன்று நிற நூலைக் கோத்துப் பின்னி, மேலே முக்காடு போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போனார்களாம். காவலன் வந்து முக்காட்டை எடு என்று சொல்ல முடியாதல்லவா.

முதல் உலகப் போர் முடிந்து, எங்கள் பக்கம் ருமேனியாவோடு சேர வேண்டும் என்று ஆல்பா யூலியாவில் பெரிய கூட்டம் நடந்தபோது எங்கள் ஊரிலிருந்தும் பனியில் நடந்தே போனார்கள். அதற்காகத் தைத்த கொடி அது. நீலம் யாரோ ஒருத்தியின் முன்றானைத் துணி, சிவப்பு ஒரு கல்யாணப் போர்வை. நடுவில் மஞ்சள் பட்டையில், பாதிரியாரின் பழைய பூசை அங்கியிலிருந்து பிரித்தெடுத்த சரிகையால் ஒரு சிலுவை. திரும்பி வந்த பிறகு கொடியைக் கோவிலில் வைத்தார்கள். ஊரில் கல்யாணம், சாவு எதுவானாலும் அந்தச் சிலுவைக்கு முன்னால் நின்றுதான்.

அடுத்த போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்தது. பாதிரியாரை ஒரு காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. கோவிலில் இருந்த கொடியைக் கட்சியின் ஊர்ச் செயலாளர் எடுத்து வந்து, பாதிரியார் வீட்டுத் துணிகளைத் துவைத்துத் தைத்துக்கொண்டிருந்த சவேத்தாவின் கையில் கொடுத்தார். அப்போது சவேத்தா அக்காவுக்குக் கல்யாண வயது. "இந்தச் சிலுவையைக் கத்தரிச்சு எறி. அந்த இடத்துல நம்ம சின்னத்தைத் தச்சுக் கொண்டா" என்று உத்தரவு. இரண்டு நாளில் கொடி அலுவலகத்துக்கு வந்தது. சிலுவை இருந்த இடத்தில், முன்னும் பின்னும், கோதுமைக் கதிரும் மலையும் எண்ணெய்க் கிணறும் போட்ட வட்டச் சின்னம்.

அன்றைக்கே ஊர் அவள் பெயரை எழுதிவிட்டது. சிலுவையை அறுத்தவள். அக்காவைப் பெண் கேட்டு வந்த பையன் வீட்டார் பிறகு வரவே இல்லை. அதற்கப்புறம் வேறு யாரும் வரவில்லை.

சும்மா இருந்திருந்தால் ஊர் ஒருவேளை மறந்திருக்கும். அக்கா சும்மா இருக்கவில்லை. அரசாங்கம் சின்னத்தை மாற்றியது, மேலே ஒரு நட்சத்திரம் சேர்த்தது. மாவட்டத்திலிருந்து புதுக் கொடி வந்தது. அக்கா செயலாளரிடம் போய், "பழைய கொடிக்கு என்ன கேடு, தோழர்? சின்னத்தை மட்டும் மாத்தித் தச்சுத் தரேன். அரசாங்கத்துத் துணி வீணாகக் கூடாது" என்றார். செயலாளர் பூரித்துப் போய் அதைக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்ட வைத்தார். பின்னொரு காலம் நாட்டின் பெயரையே மாற்றினார்கள், சின்னத்திலும் எழுத்து மாறியது. அப்போதும் அக்காதான் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தார். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கும் அரசாங்க விழாவுக்குக் கொடியைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். கொடி ஏறியதும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து, அலுவலக வாசலில் இருந்த லிண்டன் மரத்தடியில் தனியாக நின்று பார்ப்பார். நாங்கள் எல்லாம் கட்டாயத்துக்கு வந்து கால் மாற்றி நிற்போம். அக்கா மட்டும் அசையாமல் நிற்பார்.

சிவப்பு சவேத்தா என்று பெயர் வைத்தோம். கடைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். எண்ணெய் வந்திருக்கிறதா என்று கேட்டால், உள்ளே இருந்தாலும், "இல்லையே தோழர்" என்பேன் நான். 'தோழர்' என்பதை இழுத்துச் சொல்வேன். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

அந்த அக்காதான் யெரோனிமை யெரோனிம் என்று கூப்பிட்டவர். இருவர் வீடும் ஒரே சந்தில். பனி அள்ளிவிட்டுக் கை விறைத்து வரும் ஆளைக் கூப்பிட்டு, "யெரோனிம், உள்ள வா, கோஸ் சூப்பு சூடா இருக்கு" என்பார். மனிதர் குடிப்பார். வெளியே வந்து எங்களிடம், "சிவப்பு வீட்டு சூப்பும் சிவப்பாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எங்களோடு சேர்ந்து சிரிப்பார். ஆமாண்ணனல்லவா. எந்தக் கூட்டத்தில் நிற்கிறாரோ அந்தக் கூட்டத்தின் சிரிப்பு.

எண்பத்தொன்பது டிசம்பர் வந்தது. தலைநகரில் தலைவர் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் ஓடிவிட்டார் என்று தொலைக்காட்சியில் சொன்னதும் ஊரே அலுவலகத்துக்கு முன்னால் கூடியது. படங்களை இறக்கினார்கள், புத்தகங்களை வீசினார்கள், வாசலில் நெருப்பு மூட்டினார்கள். ஆனால் போலீஸ்காரர் தன் வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். செயலாளர் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தார். ஓடியவர் நாளைக்கே திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சத்தம் போட்டோமே தவிர, ஒவ்வொருவருக்கும் முதுகில் ஒரு கண் இருந்தது.

தலைநகரத்து ஜனங்கள் கொடியின் நடுவில் சின்னத்தை அறுத்துவிட்டு ஓட்டையோடு வீசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். "நம்ம கொடியையும் அறுங்கடா" என்று ஒரு குரல். யாரும் நகரவில்லை. அப்போது யெரோனிம் உள்ளே போய்க் கொடியை எடுத்து வந்தார். நான் பார்த்த வரையில் முதல் தடவையாக, யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கேட்காமலே ஒரு காரியத்துக்கு முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் சிவந்திருந்தது. நாற்காலிமேல் ஏறி நின்று, "கத்தரி யாருகிட்ட இருக்கு?" என்றார்.

கத்தரி என் கடையில் இருந்தது. துணி அறுக்கும் பெரிய கத்தரி. ஓடிப்போய் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"பாத்துண்ணே, உள்ள ஏற்கெனவே ஓட்டை இருக்கு. சிவப்பு சவேத்தா போட்ட ஓட்டை" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். சின்னத்துக்குப் பின்னால் வெறும் வெளிதான், சிலுவை போன ஓட்டை.

அந்த நேரத்தில் சவேத்தா அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். தலையில் முக்காடு இல்லை, வீட்டுச் செருப்போடு பனியில் வந்திருந்தார். நாற்காலியில் நின்றவரின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, காதில் ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. யெரோனிம் ஒரு கணம் அவரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு பார்வையை அவர் அதுவரை பார்த்ததில்லை.

நிமிர்ந்து நின்று, உரக்கச் சொன்னார்: "கேட்டுக்கங்க. கத்தரி வேண்டாமாம். நூலைப் பிரிச்சா போதுமாம். தோழர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மெதுவாப் பிரிச்சுத் தருவாங்களாம். சிலுவைய அறுக்கும்போது இல்லாத கருணை, சின்னத்து மேல வந்திருக்கு."

ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நெருப்பே கொஞ்சம் எழும்பியதுபோல இருந்தது. யாரோ அக்காமேல் ஒரு பிடி பனியை எறிந்தார்கள். இன்னொருவர் ஊளையிட்டார். நானும் சிரித்தேன். அக்கா வாயைத் திறந்தார். போலீஸ்காரர் நின்ற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். நாற்பது வருஷம் பூட்டி வைத்த வாய், அத்தனை பேர் நடுவில், அந்த நொடியில் எப்படித் திறக்கும்?

யெரோனிம் வெட்டினார். ஓட்டைமேல் தைத்த சின்னம் என்றால் கத்தரி வெண்ணெயில்போலப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். துணி தடிமனாக இருக்கிறதே என்று தோன்றியதாம், பின்னால் என்னிடம் சொன்னார். "தோணுச்சு மினோதோரா. ஆனா எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்களே." வட்டமாக அறுத்து, நெருப்பில் போட்டார். கொடியைத் தலைக்கு மேலே தூக்கி, ஓட்டை வழியாக முகத்தைக் காட்டினார். கைதட்டல். ஆசிரியர் மகன் படம் எடுத்தான். எல்லோரும் படத்துக்குத் திரும்பியபோது யெரோனிமின் கண் மட்டும் நெருப்பில் இருந்திருக்கிறது. சின்னத்தின் துணி சுருண்டு கருகி விலக, உள்ளே சரிகைச் சிலுவை ஜொலித்தது. நெருப்பில் கையை விட்டிருந்தால் எடுத்திருக்கலாம், கை கொஞ்சம் வெந்திருக்கும், அவ்வளவுதான். விடவில்லை. படத்துக்குச் சிரித்தார்.

அக்கா சிலுவையை அறுக்கவே இல்லை. உத்தரவு போட்ட நாளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சின்னத்துக்குள் மூடித் தைத்தார். சின்னம் மாறிய போதெல்லாம் வேறு கை படக்கூடாது என்று தானே போய்க் கேட்டு வாங்கித் தைத்தார். மரத்தடியில் நின்று பார்த்தது சின்னத்தை அல்ல. இது அன்றைக்கு யெரோனிமுக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

அந்த வருஷங்களில் யெரோனிம் பெரிய மனிதர். ஆமாண்ணன் என்று கூப்பிட்ட வாயெல்லாம் 'யெரோனிம் அண்ணே' என்றது. ஓட்டைக் கொடியைக் கண்ணாடி போட்டு அலுவலகக் கூடத்தில் மாட்டினார்கள். டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து அவரைப் பேச வைப்பார்கள். "பயமா இல்லையா தாத்தா?" என்று கேட்பார்கள். "இருந்துச்சு" என்பார். அதைத் தன்னடக்கம் என்று வாத்தியார் விளக்குவார். முன்பெல்லாம் கடையில் நின்று கதை பேசுகிறவர், இப்போது பிளம் சாராயம் ஒரு குவளை குடித்ததும் கிளம்பிவிடுவார். பெருமை ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

ஒருவர் மட்டும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சந்தில் எதிரே வந்தால் அக்கா ஒதுங்கி வழிவிடுவார். சூப்புக்கு அழைக்கவில்லை. ஏசவும் இல்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சி சாம்பலாகிவிட்டது, அதை அறுத்தவர் வீரர்.

யெரோனிமின் மனைவி வெத்தூரியாவுக்கு மட்டும் தெரியும். குடித்துவிட்டு அவளிடம் உளறியிருக்கிறார். அவள் விடுகிற ஆள் இல்லை. என் கடையிலேயே ஒரு தடவை, மாவு வாங்க வந்தவள், அவர் பக்கம் திரும்பி, "போய்ச் சொல்லப் போறியா இல்லையா?" என்றாள்.

"ஆமா."

"என்ன ஆமா? போறேங்கற ஆமாவா, போகலேங்கற ஆமாவா?"

"போறேன்."

"போன ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்ன. சோளக்களி வேக வைக்கற நேரத்துல முடியற காரியம். உன் நாக்குக்கு இத்தனை வருஷம் வேணுமா?"

ஏதோ வீட்டு வழக்கு என்று நினைத்து நான் மாவை நிறுத்துக்கொண்டிருந்தேன். அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டதற்குப் பிற்பாடு அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்: "ஆயுசுல ஒரே ஒரு நாளுதான் நான் ஆம்பளையா நின்னேன். அதுவும் பொய்னு சொன்னா, மிச்சம் என்ன இருக்கு எங்கிட்ட?" கேட்டபோது எனக்குப் பரிதாபமும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் கூட.

ஆல்பா யூலியாக் கூட்டத்தின் எண்பதாவது ஆண்டு நிறைவு வந்தது. அப்போதைய மேயர் ஒகூத்சியான், வாட்டசாட்டமான இளைஞர், எதையும் பித்தளையில் பொறிக்க ஆசைப்படுகிறவர். கொடியின் கதையைப் பித்தளைத் தகட்டில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே பதிக்கலாம் என்று முடிவு செய்தார். தகடு வந்ததும் முதலில் என் கடைக்குத்தான் கொண்டுவந்து காட்டினார். கொடி தைத்த வருஷம், நடந்து போன கதை, அதற்குக் கீழே: 'கட்சியின் உத்தரவுப்படி சிலுவையைச் சவேத்தா அறுத்தெறிந்தாள். மக்களின் சார்பில் சின்னத்தை யெரோனிம் அறுத்தெறிந்தார்.'

"பேரு போடணுமா மேயரே? உயிரோட இருக்கற கிழவி" என்றேன். எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"சரித்திரம்னா சரித்திரம்தானே மினோதோராக்கா. அவங்க செஞ்சாங்க, நாம எழுதறோம்."

மூலையில் குவளையோடு யெரோனிம் நின்றிருந்தார். தகட்டை அவரிடமும் நீட்டினார்கள். படித்தார். "நல்லாருக்கா அண்ணே?" என்றார் மேயர். அவர் தன் வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. குவளையில் பாதி அப்படியே இருக்க, வெளியே போய்விட்டார்.

ஆல்பா யூலியாக் கூட்டம் நடந்த நாளான டிசம்பர் முதல் தேதி கூடம் நிறைந்திருந்தது. கோஸ் இலையில் இறைச்சி பொதிந்த சார்மாலே அண்டா அண்டாவாக ஆவி பறந்தது. தகட்டின் மேல் மூன்று நிற நாடா கட்டியிருந்தார்கள், யெரோனிம் அதை அவிழ்க்க வேண்டும். சவேத்தா அக்காவும் வந்திருந்தார், எந்த வருஷமும் வராமல் இருந்ததில்லை. கடைசி வரிசையில், சுவரைத் தடவித் தடவி வந்து உட்கார்ந்தார். இரண்டு கண்ணிலும் புரை. பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன.

யெரோனிம் முன்னால் போனார். நாடாவைத் தொடவில்லை. கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த உயரத்துக்கு அவருக்கு நாற்காலியும் வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, அது இல்ல, நாடா" என்றார் மேயர்.

"அவங்க அறுக்கல" என்றார் யெரோனிம்.

"யாரு?"

"சவேத்தாக்கா. அவங்க சிலுவைய அறுக்கல. மூடித் தச்சு வெச்சிருந்தாங்க. நான்தான் அறுத்தேன். நெருப்புல போட்டேன். எரியறத என் கண்ணால பாத்தேன்."

 மேயர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அண்ணன் காலையிலேயே கொஞ்சம் சூடு ஏத்திட்டு வந்துட்டாரு போல." இரண்டொருவர் சிரித்தார்கள். உண்மையில் நாங்கள் எல்லோருமே அவர் குடித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். அவர் சொல்வது நிஜமென்றால் நாங்கள் யார்?

யெரோனிம் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றிக் கொடியை வெளியே எடுத்தார். அன்றைக்கு அவசரத்தில் அறுத்ததால் ஓட்டையைச் சுற்றிச் சின்னத்தின் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்பக்கம் ஓர் இடத்தில் அந்த விளிம்பின் தையலை நகத்தால் பிரிக்க ஆரம்பித்தார். தடித்த விரல், நூல் அகப்படவில்லை. கத்தரி தரட்டுமா என்று யாரோ கேட்டார்கள். "கத்தரி வேண்டாம்" என்றார். குனிந்து பல்லால் ஒரு நூலைக் கடித்தார், இழுத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். விளிம்பு விலகியது. மஞ்சள் துணியில், ஓட்டையின் ஓரத்தில், சரிகையில் தைத்த சிலுவையின் உச்சி. ஒரு நகக்கண் அளவு. அறுபட்டு நின்றது.

மஞ்சள் நீதி என்று சொல்லிக் கொடுத்த வாத்தியார் முதல் வரிசையில் இருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யெரோனிம் கொடியை இரண்டு கையிலும் ஏந்திக் கடைசி வரிசைக்குப் போனார். அக்காவின் முன்னால் மண்டி போட்டார். அவ்வளவு உயரமான ஆள், மண்டி போட்டும் உட்கார்ந்திருந்த அக்காவின் முகத்துக்குச் சமமாக இருந்தார். "மேல் முனை மட்டும் தப்பிச்சிருக்குக்கா" என்றார்.

அக்கா விரலால் தேடினார். அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தார் யெரோனிம். அக்கா வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, பத்து வருஷத்துக்குப் பக்கமாக வாயில் வராத பெயரைச் சொன்னார்.

"யெரோனிம்."

"அக்கா."

"அறுத்ததுக்கு நான் கோவிச்சுக்கல. உனக்குத் தெரியாது. ஆனா உன் காதுல மட்டும்தானே சொன்னேன்? அத ஏன்டா ஊருக்குச் சொன்ன?"

 யெரோனிம் வாயில் வந்தது அவருக்குத் தெரிந்த அந்த ஒரே வார்த்தைதான். "ஆமாக்கா" என்றார். "சொன்னேன். சிரிப்பாங்கன்னு சொன்னேன்."

"மறுநாளாவது வந்து, அக்கா இந்த மாதிரி ஆயிருச்சுன்னு சொல்லியிருக்கலாமே. முனை மிச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியாதே. அதப் பிடிச்சு மிச்சத்தத் தச்சு முடிச்சிருப்பேன். அப்ப ஊசி கோக்கக் கண்ணு இருந்துச்சு."

 யெரோனிம் தலை குனிந்தார், அந்தத் தலை பிறகு எங்கள் முன்னால் சரியாக நிமிரவே இல்லை. அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் அன்றைக்கு இருந்த சிரிப்பு எங்களுடையது. பனியை எறிந்தவன் கூடத்தில்தான் இருந்தான், எனக்கு அவனைத் தெரியும். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் இல்லை என்று சொன்னவளும், கத்தரி கொடுத்தவளும் அங்கேதான் இருந்தாள்.

எங்கள் தையல்காரப் பெண்கள் இரண்டு பேர் முன்வந்து, "நாங்க தச்சுத் தரோம் அக்கா, நீங்க சொல்லிக் குடுங்க" என்றார்கள். அக்கா கையை ஆட்டி மறுத்தார். "அப்படியே விடுங்க. வெளிய மாட்டுங்க, போதும். கொடி ஏத்தற நாள் இன்னைக்கு" என்றார்.

தகட்டை மேயர் நாடாவோடு கழற்றிக்கொண்டு போனார். என்ன செய்வது என்று தெரியாமல் என் கடையில் வைத்தார். இன்றைக்கும் தராசுக்கு அடியில், எழுத்து கீழ்ப்பக்கமாகக் கிடக்கிறது.

யெரோனிம் கொடியைப் பழைய கொக்கியில் மாட்டினார். காற்றில் விரிந்தது, நடுவில் ஓட்டை, ஓட்டை வழியாக அலுவலகத்தின் காரை பெயர்ந்த சுவர். சவேத்தா அக்கா லிண்டன் மரத்தைத் தடவிக் கண்டுபிடித்து, பழைய இடத்தில் போய் நின்று முகத்தை உயர்த்தினார். அக்காவுக்கு அந்தச் சரிகை முனை தெரிந்திருக்காது, நிறங்கள்கூடத் தெரிந்திருக்காது. போய்ப் பக்கத்தில் நில் என்று மனசு சொன்னது. எல்லோர் மனசும் சொல்லியிருக்கும். ஆனால் ஐம்பது வருஷம் அந்தப் பக்கம் போகாத கால்கள், இப்போது எந்த முகத்தோடு போகும்? அன்றைக்கும் அக்கா தனியாகத்தான் நின்றார். முன்பு நாங்கள் விலகி நின்றதற்கு அவரைக் காரணம் சொல்ல முடிந்தது.